எங்க வீடு நாலு ஊர்ல இருக்கு... ஓடிடி-க்கு இது புரியுமா?

சோளக்காட்டில் இருக்கும் எங்கள் வீட்டு டிவியில் எந்தப் பிரச்னை வந்தாலும், சென்னையில் இருக்கும் எனக்குத்தான் முதல் போன் வரும். ரீசார்ஜ் முடிந்துவிட்டது, படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது, நேற்று வரை ஓடிய தொடருக்கு இன்று பூட்டுப் படம் போட்டிருக்கிறார்கள்... எல்லாவற்றுக்கும் கஸ்டமர் கேர் நான்தான். "நீ கம்ப்யூட்டர்லதானே வேல பாக்குற, அங்கிருந்தே சரி பண்ணு கண்ணு" என்பார் அம்மா. டிஜிட்டல் டெஸ்க் என்றால் என்ன என்று விளக்குவதைவிட டிவியைச் சரிசெய்வது சுலபம் என்பதால் நானும் மறுப்பதில்லை.

கடந்த சில வருடங்களாக இந்த போன்கள் அதிகமாகிவிட்டன. ஓடிடி நிறுவனங்கள் வரிசையாகத் தங்கள் விதிகளை மாற்றி வருகின்றன. 'கட்டணம் மாறுகிறது', 'பாஸ்வேர்டு பகிர முடியாது', 'விளம்பரம் வரும்' என்று அவற்றைச் செய்தியாக எழுதுவது என் வேலை. நான் எழுதிய செய்தி ஒரு வாரம் கழித்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி எங்கள் வீட்டுக்குள் நுழையும்போதுதான் அதன் முழு அர்த்தமும் புரிகிறது.

குடை வந்த கதை

கொல்லிமலைக்கு வந்தவர்களுக்குத் தெரியும். காரவள்ளியில் தொடங்கும் வளைவுகள் முடிந்து மேலே வந்தால் சோளக்காடு. சந்தையில் பலாவும் அன்னாசியும் வாழைத்தாரும் குவிந்திருக்கும். மிளகும் காபியும்தான் எங்கள் வீட்டு வருமானம். பெரிய திரையில் படம் பார்க்க வேண்டும் என்றால் எங்களுக்கு நாமக்கல்தான். படம் முடிந்து திரும்ப பஸ் கிடைக்குமா என்ற கவலையில் கிளைமாக்ஸை நிம்மதியாகப் பார்த்ததே இல்லை என்பார் அப்பா.

2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில்தான் எங்கள் வீட்டுக்கு முதல் கலர் டிவி வந்தது. எங்கள் வீடு சற்றுத் தள்ளிக் காட்டுக்குள் இருப்பதால் கேபிள் இழுக்க முடியவில்லை. கூரை மேல் டிடிஎச் குடையை மாட்டினோம். மழை வலுத்தால் சிக்னல் போய்விடும். வானத்திலிருந்து வரும் அந்த அலைவரிசையை மழைத்துளிகளே தடுத்துவிடும் என்பது அறிவியல். "மழை வந்தா படுத்துத் தூங்குங்கன்னு சாமியே சொல்லுது" என்பது அப்பாயியின் விளக்கம்.

2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது, கீழே இருக்கும் சொந்தக்காரர்கள் அந்த விலைக்குப் பார்ப்பதும் நாங்கள் டிடிஎச்-சுக்கு அதிகம் கட்டுவதும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. சந்தா பற்றி எங்கள் வீட்டில் எழுந்த முதல் புகார் அதுதான்.

அடுத்த கலாட்டா 2019-ல். வேண்டிய சேனலை மட்டும் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டுங்கள் என்று டிராய் புதிய கட்டண முறையைக் கொண்டுவந்தது. 100 சேனல்கள் வரையிலான அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து சுமார் 153 ரூபாய். கட்டணச் சேனல்களுக்குத் தனி விலை. அப்பாயி, அம்மா, தம்பி என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் சொல்ல, அப்பா பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தார். "நூறு சேனல் எதுக்கு? நாங்க பாக்குறது நாலு" என்றார். ஆனாலும் அது எங்களுக்குப் புரிந்த மாற்றம். கையில் பட்டியல் இருந்தது, விலை இருந்தது, யோசிக்க அவகாசமும் இருந்தது.

முதலில் இலவசம், அப்புறம் சந்தா

மலையில் மொபைல் டேட்டா கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியதும் ஓடிடி வந்தது. அதன் பின் நடந்த மாற்றங்கள் வேறு ரகம்.

2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் விலையைக் குறைத்தது. 199 ரூபாயாக இருந்த மொபைல் திட்டம் 149 ஆனது. 499 ரூபாய் பேசிக் திட்டம் ஒரேயடியாக 199-க்கு இறங்கியது. 2023, 2024 ஐபிஎல் போட்டிகளை ஜியோசினிமா இலவசமாகக் காட்டியது. 2025 பிப்ரவரி 14-ல் அதுவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆயின. அந்த வருட ஐபிஎல்லை முழுதாகப் பார்க்கச் சந்தா தேவைப்பட்டது. குறிப்பிட்ட ரீசார்ஜ் செய்தவர்களுக்கு 90 நாள் சலுகையும் அறிவித்தார்கள். அதே 2025 ஜூன் 17 முதல் பிரைம் வீடியோவில் விளம்பரங்கள் வரத் தொடங்கின. விளம்பரம் வேண்டாம் என்றால் மாதம் 129 ரூபாயோ, ஆண்டுக்கு 699 ரூபாயோ கூடுதலாகக் கட்டலாம் என்றார்கள்.

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு. படங்களை வாங்கவும் தொடர்கள் எடுக்கவும் பணம் வேண்டும். கிரிக்கெட் உரிமைக்குக் கொட்டிய கோடிகளைத் திரும்ப எடுக்க வேண்டும். எதையும் என்றைக்கும் இலவசமாகத் தர முடியாது. இது எங்கள் ஊர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியும். "மொதல்ல சும்மா குடுத்துப் பழக்குவாங்க, அப்புறம் காசு கேப்பாங்க. சந்தையில நாம அன்னாசியை அறுத்து ஒரு துண்டு ருசி பாக்கக் குடுக்கறதில்லையா, அது மாதிரிதான்" என்றார் ஒரு பெரியவர். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

'வீடு' என்றால் எது?

எங்கள் வீட்டுக்கு உண்மையிலேயே வலித்தது வேறொரு மாற்றம்.

சோளக்காட்டில் அப்பா, அம்மா, அப்பாயி. ராசிபுரத்தில் அக்கா குடும்பம். கோவை ஹாஸ்டலில் தம்பி. சென்னையில் நான். நான்கு ஊரில் இருந்தாலும் ரேஷன் கார்டு முதல் தீபாவளிச் சீட்டு வரை நாங்கள் ஒரே வீடு. ஓடிடி சந்தாவும் அப்படித்தான். ஒரு கணக்கு, ஆளுக்கொரு பெயர், பணம் என் பொறுப்பு.

நாங்கள் பார்க்கும் ஆப்பின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு நாள், 'இந்த டிவி உங்கள் வீட்டைச் சேர்ந்ததா?' என்று அது கேட்டது. உறுதிப்படுத்தும் எண் என் போனுக்கு வரும். அதைச் சில நிமிடங்களுக்குள் டிவியில் போட வேண்டும். நான் அலுவலக மீட்டிங்கில் இருப்பேன். வெளியே ஓடிவந்து அப்பாவுக்கு போன் போட்டால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று வரும். எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றால்தான் போன் சரியாக எடுக்கும். அப்பா தொட்டியடியில் நின்று எண்ணைக் கேட்டு, திண்ணையில் இருக்கும் அம்மாவுக்குக் கத்திச் சொல்லி, அம்மா ரிமோட்டில் ஒவ்வொன்றாக அழுத்தி முடிப்பதற்குள் அந்த எண் காலாவதியாகியிருக்கும்.

நான்காவது தடவை அப்பா சொன்னார்: "உடு கண்ணு. நாங்க உன் வீட்டாளுங்க இல்லைங்குது, அவ்வளவுதானே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும் என்ற விதியை நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் அறிவித்தது 2023 ஜூலை 20-ல். அன்பு என்பது பாஸ்வேர்டைப் பகிர்வது என்று 2017-ல் ட்வீட் போட்டதும் இதே நிறுவனம்தான். உலகம் முழுவதும் 10 கோடிக்கும் அதிகமான வீடுகள் அடுத்தவர் கணக்கில் பார்க்கின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம். சமூக வலைதளங்களில் 'சந்தாவை நிறுத்துகிறேன்' என்று பலரும் பொங்கினார்கள். ஆனால் அந்த ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதங்களில் மட்டும் அந்த நிறுவனத்துக்கு உலக அளவில் சுமார் 88 லட்சம் சந்தாதாரர்கள் கூடினார்கள். கணக்குப் புத்தகத்தில் அது வெற்றிதான்.

எங்கள் வீட்டுக் கணக்கு கொஞ்சம் வேறு. ஒரே கணக்கில் இருந்தபோது, பாதியில் விட்ட படங்களின் வரிசையில் அப்பா என்ன பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். இரவு பார்க்கும்போது இல்லாத ஒரு பழைய சிவாஜி படம், காலையில் அங்கே முக்கால்வாசி ஓடி நிற்கும். அப்பா தூங்கவில்லை என்று புரியும். போன் போட்டால், "முட்டி வலி கண்ணு, தூக்கம் புடிக்கல" என்பார். நேராகக் கேட்டிருந்தால் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்லியிருப்பார். அந்த ஒரு வரிசையைப் பார்த்துத்தான் போன வருடம் அவரை நாமக்கல்லில் டாக்டரிடம் அனுப்பினோம். கணக்கு பிரிந்ததும் அந்த ஜன்னல் மூடிக்கொண்டது.

கோபத்தைக் கேட்ட கதையும் உண்டு

வாடிக்கையாளர் கோபம் எப்போதும் வீணாகப் போவதில்லை. 2011-ல் அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸ் வீட்டுக்கு டிவிடி அனுப்புவதையும் ஆன்லைனில் படம் காட்டுவதையும் ஒரே சந்தாவில் தந்துகொண்டிருந்தது. அதை இரண்டாகப் பிரித்ததில், 9.99 டாலர் கட்டியவர்கள் இரண்டும் வேண்டும் என்றால் 15.98 டாலர் கட்ட வேண்டியதானது. அந்தக் கோபம் அடங்கும் முன்பே, டிவிடி பிரிவை 'க்விக்ஸ்டர்' என்ற தனிப் பெயரில் பிரிக்கப்போவதாக செப்டம்பரில் அறிவித்தார்கள். மூன்றே மாதங்களில் அமெரிக்காவில் சுமார் எட்டு லட்சம் பேர் வெளியேறினார்கள். மாற்றத்தைச் சரியாக விளக்காமல் போனதற்கு நிறுவனத்தின் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அக்டோபர் 10-ம் தேதி க்விக்ஸ்டர் யோசனையே கைவிடப்பட்டது. ஆனால் கூட்டிய விலையைக் குறைக்கவில்லை.

விலை கூடியதைக்கூட மக்கள் பொறுத்துக்கொண்டார்கள். தங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் செய்ததைத்தான் பொறுக்கவில்லை. சோளக்காட்டுக்கும் இது பொருந்தும்.

அப்பா போட்ட புதுத் திட்டம்

ஆளுக்கொரு சந்தா எடுத்தால் எவ்வளவு ஆகும் என்று போன பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் கூடியபோது கணக்குப் போட்டோம். அப்பா வழக்கம்போல காலண்டர் தாளை எடுத்தார்.

"வருசம் பூரா எதுக்குக் கட்டணும்? மிளகு பறிப்பு நேரத்துல யாரு டிவி பாக்குறா? வேல முடிஞ்சு, சரக்கு வித்துக் காசு கையில வந்ததும் மூணு மாசத்துக்குக் கட்டு. அப்புறம் நிறுத்திரு. ஆடி மழையில வேணும்னா மறுபடியும் பாத்துக்கலாம்" என்றார்.

வெள்ளாமைக்குத் தகுந்த மாதிரி சந்தா. வருடச் சந்தாவில் மாதக் கணக்கு மலிவாகத் தெரியலாம். பார்க்காத மாதங்களைக் கழித்தால் எங்களுக்கு அப்பாவின் கணக்கே லாபம். சொந்தக்காரர்கள் கேட்டால் நானும் இப்போது இதையே சொல்கிறேன். கூடவே இரண்டு விஷயங்கள். முதலாவது, யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்து, எந்தெந்தச் சந்தாவுக்குத் தானாகப் பணம் போகிறது என்று பாருங்கள். வேண்டாததை அங்கேயே நிறுத்தலாம். 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுக்க குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். இரண்டாவது, பணம் பிடித்துவிட்டு சேவை தரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

நிறுவனங்களிடம் கேட்பதற்கும் ஒன்று உண்டு. விதியை மாற்றுங்கள், விலையைக்கூட ஏற்றுங்கள். அதை ஒரு மாதம் முன்னதாக, டிவி திரையிலேயே, எங்கள் அம்மா படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் சொல்லுங்கள். பிள்ளைகள் பிழைப்புக்கு வெளியூர் போன வீடும் வீடுதான் என்பதையும் கொஞ்சம் கணக்கில் வையுங்கள்.

இப்போதெல்லாம் அப்பா என்ன படம் பார்த்தார் என்பதை போன் போட்டுக் கேட்டால்தான் தெரிகிறது. காலையில் ஆபீஸ் கிளம்புவதற்கு முன் கேட்டுவிடுகிறேன். படம் நன்றாக இருந்தது என்று ஆரம்பித்தால் கதை முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் வைக்கிறார்.