வீடு இருந்த இடம்

இங்கிலாந்தின் கிழக்கே, நோர்போக் மாவட்டத்தின் வடபகுதியில், ஆயிரம் பேர்கூட வாழாத சிற்றூர் ஒன்று உண்டு. வோல்சிங்கம் என்பது அதன் பெயர். பெரியது, சின்னது என இரு பகுதிகள் அதற்கு. விந்தை என்னவெனில், 'சின்ன வோல்சிங்கம்' என்பதே அளவில் பெரியது! கோடையில் புலம்பெயர்ந்த தமிழ்க் கத்தோலிக்கர் ஆயிரக்கணக்கில் யாத்திரையாகக் கூடும் அவ்வூருக்கு, கூட்டமில்லாத ஓர் இலையுதிர்கால நாளில், இலண்டனில் வாழும் என் அக்காவோடு சென்றேன். என் பையில் ஒரு பத்திரம் இருந்தது. 1990ஆம் ஆண்டு போரினால் நாங்கள் விட்டு வெளியேறிய வலிகாமம் வடக்குக் காணியை விற்பதற்கு அக்காவின் கையொப்பம் வேண்டியிருந்தது.

1061ஆம் ஆண்டில் ரிச்செல்டிஸ் என்னும் பெருமாட்டிக்கு அன்னை மரியா காட்சியளித்து, வானதூதர் மங்கள வார்த்தை சொன்ன நாசரேத்தூர் வீட்டைக் காண்பித்து, அதே அளவில் இங்கும் ஒரு வீடு எழுப்பப் பணித்தார் என்பது மரபு. அது அடுத்த நூற்றாண்டில் நிகழ்ந்திருக்கலாம் என்பர் ஆய்வாளர் சிலர். 12ஆம் நூற்றாண்டின் நடுவில் அகுஸ்தீனார் சபைத் துறவியர் அதனருகே மடம் அமைத்தனர். அச்சிறு வீட்டை நாடி மன்னரும் ஏழையரும் ஒரே பாதையில் நடந்தனர். அறிஞர் எராஸ்முசும் 1512இல் வந்து சென்றார்.

ஊருக்கு ஒரு மைல் தொலைவில், 1340 அளவில் கட்டப்பட்ட சிற்றாலயம் ஒன்று நிற்கிறது. யாத்திரிகர் காலணிகளைக் கழற்றிவிட்டு அங்கிருந்து வெறுங்காலோடு நடந்தனராம். ஆகவே அதற்குப் 'பாதணி ஆலயம்' என்றே பெயர். தமக்கு மகன் பிறந்த 1511இல், எட்டாம் ஹென்றி மன்னரும் கடைசி மைலை வெறுங்காலோடு கடந்தார் என்பர். அக்குழந்தை இரண்டு மாதங்கூட வாழவில்லை. அந்த மன்னரின் ஆட்சியிலேயே அழிவும் வந்தது. மடங்கள் மூடப்படுவதை எதிர்க்கச் சதி செய்ததாக, 1537இல் துணை மடாதிபதி நிக்கலஸ் மைல்ஹாம் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். 1538இல் மடம் மூடப்பட்டது. அன்னையின் திருவுருவம் இலண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டு எரிக்கப்பட்டது. பாதணி ஆலயமோ, காலப்போக்கில் மாட்டுத்தொழுவமாயிற்று.

அதை மீட்டவர் அரசரல்லர், ஆயருமல்லர். சார்லட் பாய்ட் என்ற பெண்மணி 1890களில் அதனை விலைக்கு வாங்கிப் புதுப்பித்தார். 1934இல் கர்தினால் போர்ன் தலைமையில் பெருந்திரளான மக்கள் அங்கே திரண்டனர். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அத்திருத்தலத்தைப் பசிலிக்காவாக உயர்த்தினார்.

அக்கா அங்கே காலணிகளைக் கழற்றினார். குளிரைச் சொல்லித் தடுத்தேன், கேட்கவில்லை. வயலோரப் பாதையில் மெல்ல நடந்து ஊரை அடைந்தோம். நாற்சந்தியில் எண்கோண வடிவான பழைய நீர்க்குழாய் மண்டபம், மரச்சட்டங்கள் தெரியும் பழைய வீடுகள், வழக்குமன்றம், சிறைச்சாலை ஆகியவற்றைக் கண்டோம். 1931இல் ஆங்கிலிக்கன் சபையார் மீண்டும் எழுப்பிய திருவீடும் அங்குண்டு. தொடர்வண்டி வராது போன நிலையமொன்று கீழைத் திருச்சபையின் சிற்றாலயமாகியிருக்கிறது. கைவிடப்பட்டவற்றில் செபத்தைக் குடியேற்றுவது அவ்வூரின் வழக்கம் போலும்!

இறுதியாக மடத்தின் இடிபாடுகளுக்குள் சென்றோம். ஆலயத்தின் கீழ்ச்சுவர்ச் சாளரத்தின் பெரும் வளைவு மட்டும் வானத்தை ஏந்தி நிற்கிறது. 1961இல் நடந்த அகழாய்வு, ஆதித் திருவீடு நின்ற இடத்தைக் காட்டிற்று. இன்று அங்கே கல்லுமில்லை, கூரையுமில்லை. புல்தரையும் ஓர் அறிவிப்புப் பலகையுமே உள்ளன. சற்று அப்பால் இரு பழைய கிணறுகள் இருக்கின்றன. அக்கா நெடுநேரம் கிணற்றடியில் நின்றார்.

"தம்பி, எங்கட வளவிலையும் கிணறு மட்டும்தானே மிஞ்சிக் கிடக்குது?"

"ஓம் அக்கா. வீட்டின்ர அத்திவாரம்கூட இல்லை. பற்றைதான்."

"இடம் கிடக்குதல்லோ. இவையும் முந்நூற்றைம்பது வருசத்துக்கு மேல காத்திருந்தவை."

நான் மறுமொழி கூறவில்லை. திரும்பிச் சென்று வீடு கட்ட அக்காவால் இயலாது. அவர் பிள்ளைகளுக்கு அவ்வூரின் பெயரும் சரிவர வாயில் நுழையாது. காணியை விற்பதே அறிவுடைமை என்று அன்றும் எண்ணினேன்; இன்றும் எண்ணுகிறேன். ஆயினும், புல்தரையின் முன் முழந்தாளிட்டுச் செபமாலை சொன்ன அக்காவிடம் அந்தப் பத்திரத்தை நீட்ட என் கை எழவில்லை.

இறைவன் மனிதரோடு குடியிருக்கத் தேர்ந்தது ஒரு வீடு. அதுவும் சிற்றூரின் எளிய வீடு. சுவர்களை இடிப்போர், அங்கு சொல்லப்பட்ட 'ஆகட்டும்' என்ற சொல்லை இடிக்க முடிவதில்லை. அதை நம்பி யாரோ ஒருவர் என்றோ திரும்பி வருகிறார். கையொப்பமில்லாத அந்தப் பத்திரம் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது.