சூப்புக்கு எந்த விஸ்கி?

நம் ஊரில் சைடு டிஷ்ஷுக்கு ஒரே வேலைதான். உள்ளே போன சரக்கின் ருசியை நாக்கிலிருந்து துடைத்துவிட வேண்டும். ஊறுகாய், மிளகுத்தூள் போட்ட அவித்த முட்டை, மட்டன் சுக்கா எல்லாம் அதற்குத்தான். சாப்பாடு பிறகு வரும், பெரும்பாலும் ஆறிப்போய். இதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அதனால், ஒரு கிண்ணம் மீன் சூப்புக்கு எந்த விஸ்கி பொருந்தும் என்று ஓர் அப்பாவும் மகளும் பக்கத்து மேஜையில் மல்லுக்கு நின்றபோது, அது எனக்கு வெட்டி வேலையாகவே பட்டது.

இடம் மாக்ரிஹானிஷ். ஸ்காட்லாந்தின் மேற்கே, கின்டைர் தீபகற்பத்தில், அட்லாண்டிக்கைப் பார்த்தபடி இருக்கும் சின்னக் கிராமம். இங்குள்ள கோல்ஃப் கிளப் 1876-ல் தொடங்கியது. ஓல்டு டாம் மாரிஸ் 1879-ல் வந்து மைதானத்தை வடிவமைத்துக் கொடுத்தார். முதல் பந்தையே கடற்கரை மணலைத் தாண்டி அடிக்க வேண்டும். அதற்காகவே தேடி வருகிறார்கள். எனக்கோ கோல்ஃப் என்றாலே காவலாளி நிற்கும் கேட்டும், உள்ளே யார் போகலாம் என்கிற பட்டியலும்தான் நினைவுக்கு வரும். பழைய கிளப்ஹவுஸ் கட்டடம் இப்போது பப்பும் உணவகமுமாக இருக்கிறது. உள்ளே சேறு படிந்த பூட்ஸோடு விவசாயிகள், மேஜைக்கடியில் ஒரு நாய், பிள்ளைக்கு உருளைக்கிழங்கு ஊட்டும் அம்மா. நான் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதிலேயே மனசு இளகிவிட்டது.

அப்பாவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். பார்லி பயிரிட்டு ஓய்ந்தவர். இருவரும் கல்லன் ஸ்கிங்க் சொல்லியிருந்தார்கள்: புகையூட்டிய ஹேடாக் மீன், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால். அதற்கு மகள் லாங்ரோ கேட்டாள். பீட் என்கிற சதுப்புநிலக் கரியை எரித்து, அந்தப் புகையில் மால்ட்டைக் காயவைத்து, இரண்டு முறை வடித்த விஸ்கி அது. அப்பா ஹேசல்பர்னை விடவில்லை. அது பீட் புகையே படாதது, மூன்று முறை வடித்தது. இரண்டும் எட்டு கிலோமீட்டர் தள்ளி, கேம்பல்டவுனில், ஸ்பிரிங்பேங்க் என்கிற ஒரே வடிசாலையில் பிறந்தவை.

“மீன்லயே புகை இருக்கு. மேல இன்னொரு புகையை ஊத்தினா ரெண்டும் செத்துப்போகும்” என்றார் அவர்.

“புகைக்குப் புகைதான் துணை. உங்க விஸ்கி பாலோட பாலா கரைஞ்சுடும்ப்பா.”

குரல்கள் ஏறின. நான் காது கொடுப்பதைக் கவனித்துவிட்டு, என்னையே தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். எனக்கும் ஒரு கிண்ணம் சூப் வந்தது. இரண்டு கிளாஸ், ஒவ்வொன்றிலும் 25 மில்லி. மகள் குட்டி ஜக்கிலிருந்து சில சொட்டுத் தண்ணீர் விட்டாள். 46 சதவீத ஆல்கஹால் அப்படியே இறங்கினால் நாக்கு மரத்துப்போகும். பிறகு மீனும் தெரியாது, பாலும் தெரியாது.

லாங்ரோவுக்குப் பின் வாயில் போட்ட சூப்பில் புகை மட்டுமே இருந்தது. மீனைத் தேட வேண்டியிருந்தது. ஹேசல்பர்ன் வேறு மாதிரி. நாக்கில் படிந்திருந்த பால் கொழுப்பை அது மெல்ல வழித்துக்கொண்டு போனது. அடுத்த கரண்டியில் உப்பு, வெங்காயத்தின் இனிப்பு, மீனின் புகை மூன்றும் தனித்தனியாக வந்தன. தீர்ப்பு அப்பா பக்கம்.

மகள் அசரவில்லை. ஹாக்கிஸ் வரவழைத்தாள். ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரலைக் கொத்தி, ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயம், மிளகு சேர்த்து வேகவைத்தது. கிடா வெட்டிய மறுநாள் சுண்டவைத்த கறியின் வாசனை அதில் இருந்தது. இங்கே லாங்ரோ ஜெயித்தது. அந்த மிளகும் கொழுப்பும் பீட் புகையைத் தாங்கிப் பிடித்தன. ஹேசல்பர்ன் இருந்த இடமே தெரியவில்லை. அப்பா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. சாஸ் அதிகம் என்று தட்டைத் தள்ளிவைத்தார்.

இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது என்று மறுநாள் கேம்பல்டவுனில் நடந்தபோது புரிந்தது. 1880-களில், வடிசாலைகளைச் சுற்றிப்பார்த்து எழுதிய ஆல்ஃபிரட் பர்னார்டு வந்து பார்த்தபோது அந்தச் சின்ன ஊரில் 21 வடிசாலைகள் இருந்தன. அவசரத்தில் தரம் சரிந்தது, அமெரிக்காவில் மதுவிலக்கு வந்தது. 1930-களின் நடுவில் மிஞ்சியவை ஸ்பிரிங்பேங்க்கும் கிளென் ஸ்கோஷியாவும்தான். மூடிக்கிடந்த கிளென்கைல் 2004-ல்தான் மறுபடி திறந்தது. ஸ்பிரிங்பேங்க்கில் இன்றும் பார்லியைத் தரையில் பரப்பி முளைக்கவைத்து, ஆட்களே கிளறிவிடுகிறார்கள். தரம் கெட்டால் ஊரே என்ன ஆகும் என்று பார்த்தவர்கள் அவர்கள்.

நம் மலிவு விஸ்கியில் பெரும்பகுதி கரும்புச் சர்க்கரைப்பாகுக் கழிவிலிருந்து எடுக்கும் சாராயம். ஐரோப்பிய ஒன்றியம் அதை விஸ்கி என்று விற்க அனுமதிப்பதில்லை. அதன் ருசியை மறைக்க ஊறுகாய் வேண்டித்தான் இருக்கிறது. குற்றம் குடிப்பவனின் நாக்கில் இல்லை, பாட்டிலில் இருக்கிறது. நம்மால் நல்லது செய்ய முடியாது என்பதும் இல்லை. பெங்களூரின் அம்ருத் 2004-ல் தன் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே அறிமுகப்படுத்தியது.

மாக்ரிஹானிஷுக்குப் போகிறவர்கள் பசியோடு போங்கள். சூப்புக்கு ஹேசல்பர்ன், ஹாக்கிஸுக்கு லாங்ரோ, தண்ணீர் சில சொட்டு. கார் ஓட்டுகிறவர் தொடவே வேண்டாம்: 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்த வரம்பை ஸ்காட்லாந்து 2014 டிசம்பரில் 50 ஆகக் குறைத்துவிட்டது. கேம்பல்டவுனிலிருந்து பஸ் இருக்கிறது.