ஜடை பின்னிய பாலம்

தங்கையின் பிரசவத்துக்கு ஒத்தாசையாகச் சிங்கப்பூர் போன எனக்கு, முதல் இரண்டு மாதம் அடுப்படியும் குழந்தைத் துணி மடிப்பதும்தான் ஊர் பார்த்த கணக்கு. அவளோ வாசலைத் தாண்டவில்லை. குழந்தைக்குப் பால் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு சுவரையே பார்த்தபடி உட்கார்ந்துவிடுவாள். கேட்டால், "ஒண்ணுமில்லைக்கா!" அப்புறம்தான் தெரிந்தது, புகுந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் வீடியோவில் குழந்தையைப் பார்த்துவிட்டு, "நம்ம பக்கத்து ஜாடை துளிக்கூட இல்லையே" என்றாராம். பிள்ளை பெற்ற உடம்புக்கு அந்தச் சொல் எப்படித் தைக்கும் என்று நமக்குத் தெரியாதா?

டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். மனசு கனத்தால் மறைக்காமல் வந்து சொல்ல வேண்டும், சாயங்காலம் கொஞ்சம் வெளியே நடக்க வேண்டும் என்றார். அப்படித்தான் ஒரு நாள் பேஃபிரண்ட் ரயில் நிலையத்தில் இறங்கி, தள்ளுவண்டியோடு ஹீலிக்ஸ் பாலத்துக்குப் போனோம்.

மெரினா பே நீர்க்கரையில் 2010-ல் திறந்த பாலம். 280 மீட்டர் நீளம். நடப்பவர்களுக்கு மட்டும், கார், பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே வேறு பாலம். துருப்பிடிக்காத எஃகுக் குழாய்கள், உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று, எதிரெதிராக வளைந்து வளைந்து போகின்றன. யாரோ பெரிய ஜடையைப் பின்னி, நடுவில் நம்மை நடக்கவிட்ட மாதிரி! கரையோரம் தாமரை போல விரிந்த ஒரு மியூசியம். கீழே கடல் என்றுதான் நினைத்தேன். இல்லையாம். 2008-ல் தடுப்பணை கட்டிக் கடலை வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே தேங்குவது மழைத் தண்ணீர், சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். குடத்தோடு குழாயடியில் நின்றவளுக்கு அதைக் கடந்து போக மனசு வரவில்லை.

இருட்டியதும் விளக்குகள் எரிந்தன. சிவப்பிலும் பச்சையிலும் சி, ஜி, ஏ, டி என்று ஆங்கில எழுத்துகள்! "டி.என்.ஏ.வில் இருக்கிற நாலு பொருளோட முதல் எழுத்துக்கா. பாலமே அந்த வடிவம்தான்" என்றார் தங்கை கணவர்.

"அப்போ ஒரு இழை அம்மாவோடது, ஒண்ணு அப்பாவோடதா?" என்று கேட்டு வைத்தேன்.

அப்படி இல்லையாம். குழந்தைக்கு 46 குரோமோசோம். அம்மாவிடமிருந்து 23, அப்பாவிடமிருந்து 23. ஒவ்வொன்றிலும் இரண்டு இழையும் உண்டு. யார் பங்கு மூக்கில் தெரியும், யாருடையது தெரியாமலே உள்ளே இருக்கும் என்பதெல்லாம் நம் கையில் இல்லை.

தங்கை நின்றுவிட்டாள். "பாதி உங்களுதுதான்னு இதை அன்னிக்கே அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமில்லே?" என்று கணவரைக் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் தண்ணீரைப் பார்ப்பதுபோல் நகர்ந்துவிட்டேன்.

போகிறவர்கள் ஆறரை மணிக்கு மேல் போங்கள், கட்டணம் கிடையாது. மேலே அங்கங்கேதான் மறைப்பு, குடை அவசியம். தண்ணீர்ப் பக்கம் நீட்டிய மேடைகளில் சற்று நின்று காற்று வாங்கலாம்.

திரும்பும்போது தள்ளுவண்டியை என்னிடம் தரவில்லை, அவளே தள்ளிக்கொண்டு வந்தாள்.