முளையும் மூலமும்

டில்லியில் குடியேறிய நம்மவர்க்கு வயிற்றில் எக்கோளாறு வந்தாலும் பழி சுமக்க இரண்டு காத்திருக்கின்றன: யமுனைத் தண்ணீர், கோதுமை ரொட்டி. மலத்தோடு இரத்தம் போனால் மட்டும் அவ்விரண்டையும் விடுத்து, "மூலம்" என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். மோரும் கருணைக்கிழங்கும் உண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் மாதங்களைக் கடத்துகிறோம்.

கரோல்பாகில் எங்கள் அடுத்த வீட்டு நண்பர் இவ்வாறு ஓராண்டைக் கடத்தினார். இரத்தமும் சளியும் கலந்து நாளொன்றுக்கு ஆறேழு முறை போகலாயிற்று. இரவில் உறக்கம் கலைந்தும் எழ நேர்ந்தது. பிறகுதான், குழாய் செலுத்திப் பெருங்குடலின் உட்புறத்தைக் காணும் கொலோனோஸ்கோப்பி சோதனைக்கு இசைந்தார். அறிக்கையில் "பாலிப்" என்ற சொல்லைக் கண்டதும் புற்றுநோய் என்றே எண்ணிவிட்டார். மகளின் திருமணத்தை முன்னதாகவே நடத்திவிடலாமா என்று என்னிடம் கேட்டார்.

அவருக்கு வந்தது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் அழற்சி. இதில் குடலின் உட்சவ்வு புண்ணாகிறது, ஆறுகிறது, மறுபடியும் புண்ணாகிறது. புண் அரித்த இடங்களுக்கு நடுவே எஞ்சிய சவ்வு தீவுபோல் மேடிட்டு நிற்கும்; ஆறும்போது மிகையாக வளர்ந்த சதை விரல்போல் நீளும். இவையே அழற்சிப் பாலிப்புகள். பெரும்பாலும் சிறியவை. அரிதாகவே ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டி வளர்ந்து குடல்வழியை அடைக்கின்றன.

இது மேனாட்டார் நோய் என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. லூதியானா மருத்துவர்கள் பஞ்சாபில் மக்களைக் கணக்கெடுத்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இலட்சம் பேருக்கு 44 பேர் வீதம் இந்நோய் காணப்பட்டது. கிரோன் நோயிலும் இத்தகைய முளைகள் தோன்றும். எகிப்தில் ஷிஸ்டோசோமா என்னும் புழுவினாலும் வருவதுண்டு. நம் நாட்டில் இன்னொரு சிக்கல்: குடல் காசமும் கிரோன் நோயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கிரோன் நோய்க்குரிய ஸ்டீராய்டு, காசத்தை வளர்த்துவிடக்கூடும். 1956-இல் டில்லியில் நிறுவப்பட்ட அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் இவ்விரண்டையும் பிரித்தறியும் வழிகளைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கின்றனர்.

சிகிச்சை முளைக்கன்று, அழற்சிக்கே. ஸ்வீடன் நாட்டு மருத்துவ அம்மையார் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டுவாதத்தை மனத்திற்கொண்டு உருவாக்கிய சல்பாசலசின், குடலுக்கும் உதவிற்று. அதன் வழிவந்த மெசலமினைத்தான் நண்பர் உட்கொள்கிறார். கடுமையான நிலையில் கார்ட்டிசோன் பயன்படும் என்பதை 1955-இல் ஆக்ஸ்போர்டில் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் நிறுவினர். முளை இரத்தம் கசிந்தாலோ, வழியை மறித்தாலோ, ஐயம் எழுப்பினாலோ அகற்ற வேண்டும். பெரும்பாலும் வயிற்றைக் கீற வேண்டியதில்லை; குழாய்வழியே கம்பிச் சுருக்கிட்டு அறுத்தெடுக்கலாம். நியூயார்க்கில் வுல்ஃப், ஷின்யா என்னும் மருத்துவர்கள் 1969-இல் தொடங்கிய முறை இது.

இம்முளைகள் புற்றுநோய்க்கு முன்னோடி என்ற பழைய அச்சத்திற்கு, 2019-இல் வெளியான பெரிய ஆய்வொன்று ஆதரவு தரவில்லை. ஆயினும் நாட்பட்ட அழற்சி, தானே அந்த அபாயத்தை உடையது. ஆகவே நோய் தொடங்கி எட்டாண்டு ஆனவர்கள், நலமாக இருப்பினும், மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் உட்சோதனை செய்துகொள்ள வேண்டும். முளைகள் மலிந்த குடலில் கெட்ட வளர்ச்சி மறைந்துகொள்ளக்கூடும் என்பதால், மருத்துவர் பொறுமையாகத் தேடிச் சிறு துணுக்குகள் எடுத்துப் பார்ப்பார். சோதனையில் வலி அதிகமில்லையாம். முதல்நாள் குடலைக் கழுவக் குடிக்கும் அந்தக் கரைசல்தான் கொடியது என்பது நண்பரின் துணிபு.