காய்கறித் தட்டில் ராணிகள்

2025 ஏப்ரலில் கென்யாவின் நகுரு வட்டாரத்தில் ஒரு விடுதியில் பெல்ஜியத்துப் பையன்கள் இருவர் பிடிபட்டார்கள். அவர்களிடம் கைப்பற்றியவை 5,000 எறும்புகள். இரண்டாயிரத்துச் சொச்சம் குழாய்களில் போட்டுப் பஞ்சால் அடைத்திருந்தார்கள். ஆளுக்குப் பத்து லட்சம் ஷில்லிங் அபராதம், கட்டாவிட்டால் ஓராண்டுச் சிறை என்று மே மாதம் தீர்ப்பு வந்தது.

எறும்பைக் காசு கொடுத்து யார் வாங்குவான் என்று போனில் கேட்டேன். ஜெர்மனியில் டோர்ட்முண்டில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் சிரித்தார். "எங்கட தெருவிலயே ஒருத்தர் வளக்கிறார். வாங்கோ, காட்டுறன்." நவம்பரில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது அவர் வீட்டில் தங்கினேன். எறும்புக்காரரைப் பார்க்கப் போனபோது மொழிபெயர்க்கத் தன் மகனை என்னுடன் அனுப்பினார்.

எறும்பு வளர்க்கும் அந்தப் பெரியவருக்கு எழுபது இருக்கும். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். டோர்ட்முண்டை உள்ளடக்கிய ரூர் பகுதியின் கடைசிச் சுரங்கத்தை 2018 டிசம்பரில் மூடிவிட்டார்கள். இவர் அதற்கு முன்பே வெளியே வந்துவிட்டார். அந்த ஊர்ச் சுரங்கக்காரர்களுக்குப் பந்தயப் புறா உயிர். இவருடைய அப்பாவும் வளர்த்தவர்தான். "புறாவுக்கு மாடி வேண்டும், பக்கத்து வீட்டாரின் தயவும் வேண்டும். இதுகளுக்கு ஒரு அலமாரி போதும்" என்றார்.

சமையலறை மேசையில் நம்மூரில் ஏஏசி பிளாக் என்று விற்கும் எடையில்லாக் கல் ஒன்று கிடந்தது. அதில் பழைய தேக்கரண்டியால் குடைந்துகொண்டிருந்தார். கரண்டியின் ஒரு ஓரம் தேய்ந்து நகம்போல் ஆகியிருந்தது. சுரங்கத் தொழிலாளி எறும்புக்குச் சுரங்கம் வெட்டுகிறார் என்று நான் மனசுக்குள் ஒரு வரி தயாரித்தேன். அதற்குள் பையன் மொழிபெயர்த்தான்: "வாற எல்லாரும் இதைத்தான் சொல்லுவினமாம், மாமா. நீங்கள் சொல்லாதேங்கோ."

அறைகளை அகலமாக வெட்டக் கூடாதாம். கூட்டம் சிறியதாக இருந்து இடம் மிஞ்சினால் மிஞ்சிய அறையைக் குப்பைத்தொட்டி ஆக்கிவிடும். கல்லின் ஒரு முனையில் துளையிட்டுத் தண்ணீர் விடுகிறார். ஈரம் அந்த முனையிலிருந்து மெல்லப் பரவி மறுமுனை காய்ந்தே இருக்கும். குஞ்சுகளை எங்கே வைப்பது என்பதை எறும்புகளே தேர்ந்துகொள்ளும். முன்பக்கம் கண்ணாடி, அதன்மேல் சிவப்புத் தாள். சிவப்பு வெளிச்சம் அவற்றின் கண்ணுக்கு அநேகமாக இருட்டுத்தான். கண்ணாடியை ஒட்டும் முறையை வெகுநேரம் விளக்கினார். நான் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

ராணியை இவர் காசு கொடுத்து வாங்கியதில்லை. ஜூலையில் புழுக்கமான ஒரு பிற்பகலில் நடைபாதை முழுக்கச் சிறகுள்ள கறுப்பெறும்புகள் கிளம்பும். பார்க்க நம் ஈசல் மாதிரி இருக்கும், ஆனால் ஈசல் கறையான் சாதி. கூடிப் பிரிந்ததும் ராணி சிறகை உதிர்த்துவிட்டுப் பொந்து தேடி ஓடும். அந்த நேரத்தில் பிடிக்க வேண்டும். குழாயின் அடியில் தண்ணீர், அதைத் தடுக்க ஒரு பஞ்சு, அப்புறம் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. பிறகு இருட்டில் வைத்துவிட வேண்டியதுதான். சாப்பாடே கிடையாது. இனிப் பறக்கப்போவதில்லை என்பதால் சிறகுத் தசையைக் கரைத்தே முதல் குஞ்சுகளை வளர்த்துவிடும். வேலைக்கார எறும்பு வெளிவர இரண்டு மாதம்போல் ஆகும். அதன் பிறகுதான் ஒரு சொட்டுத் தேன்தண்ணீர், ஒரு பழ ஈ.

அக்டோபரில் தானாகவே தீனி குறையும், முட்டை நிற்கும். நவம்பரில் எல்லாம் குளிர்பெட்டிக்குள் போகும். கதவைத் திறந்து காட்டினார். வெண்ணெய்க்கும் கேரட்டுக்கும் கீழே காய்கறித் தட்டில் ஒரு ஷூ டப்பா, அதனுள் வரிசையாகக் குழாய்கள். ஐந்திலிருந்து எட்டு டிகிரிக்குள் மார்ச் வரை அங்கேதான். குனிந்து பார்த்தேன். ராணியைச் சுற்றி இருபது முப்பது எறும்புகள் கறுப்பு மிளகுபோல் ஒட்டிக் கிடந்தன. ஒன்றின் உணர்கொம்பு அசைந்தது, அரை நிமிடம் கழித்து இன்னொரு முறை. "மாமா, தட்டில கை வைக்காதேங்கோ, ஆட்டம் அதுகளுக்குத் தெரியும்" என்றான் பையன்.

முதல் வருடக் குளிரில் தினமும் எடுத்து எடுத்துப் பார்த்தாராம். மூன்று ராணிகள் செத்துப்போயின. இப்போது மாதம் ஒருமுறை, தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும். மனைவி குறுக்கிட்டு ஏதோ சொன்னார். பையன் சிரித்துக்கொண்டே, "கலியாணம் கட்டினதிலயிருந்து இவர் பொறுமையா இருக்கிறது இந்த அஞ்சு மாசந்தானாம்" என்றான். 2004இல் பிடித்த ராணி ஒன்று இவரிடம் பத்தொன்பது வருடம் இருந்தது. வளர்ப்பில் 28 ஆண்டைத் தாண்டிய ராணி உண்டு என்று பதிவிருப்பதால், தன்னுடையது அற்பாயுள் என்று அவருக்குக் குறை.

கென்யா பேச்சை எடுத்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். அந்த ஆப்பிரிக்க எறும்புக்குக் குளிர்கால உறக்கம் தேவையில்லை. பெரியது, சிவந்தது, வருடம் முழுக்க ஓடும், விதை சேர்க்கும். காத்திருக்க முடியாதவனுக்கான எறும்பு. ஐரோப்பாவில் ஒரு ராணி நூறு யூரோவுக்கு மேல் போகிறது. மழை விட்ட காலையில் குனிந்து குனிந்து பொறுக்கும் கென்யாக்காரனுக்கு அதில் என்ன கிடைக்கும்? சில்லறைதான். பூ பறிப்பவளுக்கும் மாலை விற்பவனுக்கும் நடுவே நடப்பதை நம் ஊர்ச் சந்தைகளில் பார்த்தவனுக்கு இது புதிதில்லை. ஆனால் பூவாவது மறுநாள் பூக்கும். கூட்டிலிருந்து பத்து வேலைக்கார எறும்பை எடுத்தால் கூடு தாங்கும். மண்ணுக்குள் போகவேண்டிய ராணியை எடுத்தால் கூடே பிறக்காது. விதை பரப்பி, மண்ணைப் புரட்டிப் போட்டிருக்கும் கூடு. பிடிபட்ட பையன்களுக்குப் பத்தொன்பது வயதுகூட நிரம்பியிருந்ததோ என்னவோ, அவர்கள்மேல் எனக்குப் பெரிய கோபமில்லை. விலைப்பட்டியல் போட்டு உட்கார்ந்திருப்பவன் எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லையே என்பதுதான் எரிச்சல்.

கிளம்பும்போது தண்ணீரும் பஞ்சும் வைத்த வெறுங்குழாய் ஒன்றைக் கையில் கொடுத்தார். விமான நிலையத்தில் இதை எடுத்துக் காட்டி விளக்கும் தைரியம் எனக்கில்லை. பையனிடமே கொடுத்துவிட்டேன். அவன் அதைத் தன் ஜன்னல் விளிம்பில் நிறுத்தி, காகிதத் துண்டில் 'ஜூலை' என்று எழுதி ஒட்டினான்.