புன்புன்மேல் எனக்கு என்ன கோபம்?

இனியோ அசானோவின் 'குட்நைட் புன்புன்' 2007இல் தொடங்கி 2013இல் முடிந்த மங்கா. மொத்தம் 13 தொகுதிகள். வாசிச்ச கூட்டாளிமார் "மாஸ்டர்பீஸ்" எண்டு சொல்லுறாங்கள். எனக்கு மிஞ்சினது எரிச்சல்தான்.

ஓவியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீதி, மின்கம்பம், வீடுகள் எல்லாம் புகைப்படம் மாதிரி இருக்க, நடுவில் புன்புன் மட்டும் சின்னப்பிள்ளை கிறுக்கின குருவி போல நிற்பான். அவனுடைய தனிமையைச் சொல்ல அது ஒன்றே போதும். தொடக்கத்தில் அப்பா அம்மாவை அடிச்சு, அந்த வீடு உடையிற இடம் உண்மையிலேயே வலிச்சது.

பிறகு? யாராவது கொஞ்சம் சிரிச்சால் போதும், அடுத்து அடி விழப்போகுது எண்டு முதலே தெரிஞ்சிடும். ஐகோவின் சாவு வந்தபோது நான் அழவில்லை. "சரி, இதுவும் நடந்திட்டுது" எண்டு பக்கத்தைப் புரட்டினேன். கதையின் மையமே அவள்தான். அவளின்ர சாவையே அப்படிக் கடக்க வைத்தால் அது யாருடைய தோல்வி?

"வாழ்க்கை அப்பிடித்தானே" எண்டு விசிறிகள் சொல்லலாம். எங்கட செத்தவீடுகளில்கூட தேத்தண்ணியோட ஒருத்தர் பகிடி விடுவார்; அழுதுகொண்டிருக்கிற ஆளே சிரிச்சிடும். அந்தச் சிரிப்புக்குப் பிறகு வாற அழுகைதான் தாங்கேலாதது. எல்லாம் நல்லா முடியிறது பொய் எண்டால், எல்லாமே நாசமாகிறதும் அதேயளவு பொய்தான்.

கடைசி அத்தியாயத்தில் புன்புன் நண்பர்களுக்கு நடுவில், உயிரோட நிற்கிறான். அந்த இடம் மட்டும் உறைச்சது. அதுமாதிரி இன்னும் நாலு இடம் முன்னுக்கே இருந்திருந்தால், ஐகோவுக்காகவும் அழுதிருப்பேன்.