வாலில் ஐந்து கிராம்

எடை மிகுந்தால் மட்டுமன்று, எடை சரியான இடத்தில் இல்லாவிட்டாலும் விமானம் பறக்காது. அண்ணன் பால்சா மரத்தால் செய்த சிறு விமானம் எனக்கு இதனைக் கற்பித்தது.

கல்லூரிப் படிப்பிற்காக வெளியூர் சென்றபோது, அவர் அதனை என்னிடம் ஒப்படைத்தார். கையால் எறிந்தால் அது மூக்கை உயர்த்தி எழும். வேகம் குறைந்ததும் தரையில் விழும். வால் கனமாக இருப்பதன் அறிகுறி அது.

இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறத்தாழக் கால் பங்கு தள்ளி, அடியில் இரு விரல்களால் தாங்கினால், விமானம் தராசுக்கோல்போல் சமமாக நிற்க வேண்டும். எங்கள் விமானமோ வாலைத் தாழ்த்தியது. மூக்கில் ஈயத்துண்டு வைக்கலாம். ஆனால், ஏற்கெனவே எடை மிகுந்த விமானம் மேலும் கனக்கும்.

அப்பா அளந்து பார்த்தார். தாங்கும் இடத்திலிருந்து மூக்கு 10 செ.மீ., வால் 40 செ.மீ. தொலைவில் இருந்தன. “மூக்கில் 20 கிராம் சேர்ப்பதும் வாலில் 5 கிராம் குறைப்பதும் ஒன்றே” என்றார்.

வாலின் இருபுறமும் தடித்த அட்டை ஒட்டி, அண்ணன் தம் பெயரைத் தமிழில் தீட்டியிருந்தார். தில்லியில் எங்கள் தெருவில் நான் காணும் தமிழெழுத்து அது ஒன்றே. அதனைப் பெயர்த்தெடுக்க மனம் வரவில்லை. தொலைபேசியில் அண்ணனிடம் கேட்டேன்.

“பெயரை மெல்லிய பேனாவால் மறுபடியும் எழுதலாம், தம்பி. முதலில் அது பறக்கட்டும்” என்றார்.

அட்டைகளை மெல்லப் பெயர்த்தேன். எஞ்சிய பசையை உப்புத்தாளால் தேய்த்தேன். 5 கிராம் குறைந்தது. மறுநாள் காலை, காற்று அடங்கிய வேளையில் மைதானத்தில் எறிந்தேன். விமானம் நேராக மிதந்து சென்று புல்லில் இறங்கியது. அதன் வாலில், மெல்லிய நீலக் கோடுகளாக அண்ணனின் பெயர் இருந்தது.